வாசகர் கேள்வி – பதில்: சிறிய கேஸ் கிரில்லில் ஸ்டீக் நன்றாகச் சிவக்க வேண்டுமானால்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளும்படியான சிறிய கேஸ் கிரில் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம். முன்பு இரவல் வாங்கிய ஒரு கிரில்லில் மாட்டிறைச்சி ஸ்டீக் வெளியே சிவக்காமல், சாம்பல் நிறத்தில் வெந்துபோயிற்று. பெட்டியில் போட்டிருக்கும் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவைப் பார்த்து வாங்கினால் போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: போதாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், எல்லா பர்னர்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தரும் மொத்த வெப்பத்தைத்தான் சொல்கிறது. அந்த வெப்பம் எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதைச் சொல்வதில்லை. மணிக்குச் சுமார் 3,412 பி.டி.யு. ஒரு கிலோவாட்டுக்குச் சமம். சுடும் தட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 3.6 வாட் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தட்டுக்கு 16,500 பி.டி.யு. அளவுக்குத் தேவைப்படும், 30 செ.மீ. சதுரத் தட்டுக்கோ 11,000 போதும். ஆகவே 10,000 பி.டி.யு. மட்டுமே தரும் பெரிய தட்டைவிட, 11,000 தரும் சிறிய தட்டையே நான் பரிந்துரைப்பேன். நான்கு ஸ்டீக்குகளை இரண்டிரண்டாகச் சுடுவதில் குறை ஒன்றுமில்லை.

உங்கள் கறி சாம்பல் நிறமானதற்குக் காரணம் ஈரம். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நிறமும் மணமும் தரும் மாற்றமோ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. கறியை வைக்கும்போது தட்டு 230 முதல் 260 டிகிரி வரை காய்ந்திருந்தால், ஈரம் சட்டென்று வற்றி, உள்ளே அதிகம் வெந்துவிடுவதற்குள் வெளிப்புறம் சிவந்துவிடும். அதற்குத் தட்டு கனமாக இருக்க வேண்டும். மெல்லிய எவர்சில்வர் கம்பிகள் குளிர்ந்த கறி பட்டவுடன் சூட்டை இழந்துவிடுகின்றன. தடித்த வார்ப்பிரும்பு தன்னிடம் சேர்ந்த சூட்டைக் கறிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடையில் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். நான்ஸ்டிக் பூச்சு உள்ள தட்டை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். கிரில்லுக்கு ஒரு மூடி இருப்பதும் அவசியம். அதை மூடி 10 முதல் 15 நிமிடம் முழுத் தீயில் காய வைக்க வேண்டும். மூடியில் பதித்திருக்கும் வெப்பமானி உள்ளிருக்கும் காற்றின் சூட்டைக் காட்டுமே தவிர, தட்டின் சூட்டைக் காட்டாது.

பலர் கவனிக்கத் தவறுவது எரிவாயு இணைப்பை. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கையடக்க கிரில்களில் பல, அங்கே கிடைக்கும் சிறு புரொப்பேன் குப்பிகளை நேராக மாட்டும்படி, தமக்குள்ளேயே ரெகுலேட்டர் கொண்டவை. நம் வீட்டு சிலிண்டரின் ரெகுலேட்டரோ அழுத்தத்தை முன்பே சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குக் குறைத்துத்தான் அனுப்புகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் தீ சோர்ந்து எரியும். பெட்டியில் போட்ட பி.டி.யு. ஒருநாளும் கிடைக்காது. ஆகவே இந்திய வீட்டு சிலிண்டருக்கு ஏற்றது என்று எழுத்தில் உள்ள கிரில்லை வாங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயில் இணையுங்கள். 5 கிலோ சிலிண்டர், 11,000 பி.டி.யு. முழுத் தீயில், ஏறக்குறைய 19 மணி நேரம் வரும்.

ஓசூர் மேட்டுநிலத்தில் இருப்பதால் மாடியில் காற்று தீயை அலைக்கழிக்கும். கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள்; ஆனால் நான்கு பக்கமும் தகரம் வைத்து அடைக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். மழை வருகிறதென்று எரியும் கிரில்லை அறைக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கிரில் வாங்காமல், வீட்டிலிருக்கும் இரும்புத் தோசைக்கல்லிலேயே ஸ்டீக் சுடக் கூடாதா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாகச் சுடலாம். நிறம்தான் முக்கியம் என்றால் கல்லே மேல். கம்பித் தட்டு கோடுகளாக மட்டும் தொடுகிறது, கல்லோ கறியின் முழுப் பரப்பையும் தொடுகிறது. கொழுப்பு தீயில் சொட்டி எழும் புகை மணம் மட்டும் இதில் வராது. கறிக்கடையில் அண்டர்கட் (முதுகெலும்பின் உட்புறமுள்ள மென்மையான கறி) கேட்டு, சிறு துண்டுகளாக வெட்டாமல், நாருக்குக் குறுக்கே 3 செ.மீ. கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். முதல் நாள் இரவே உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்து, சுடுவதற்கு முன் துணியால் ஒற்றி எடுங்கள். புகை நிறைய வரும். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.