ரப்பர் கோட்ஸில்லாவைப் புதுசு மிஞ்சிவிட்டதா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், அறிவியல் புனைகதைப் படங்களையும் அவற்றின் ரீமேக்குகளையும் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 1954-ல் வந்த ஜப்பானிய ‘கோட்ஸில்லா’வைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ரப்பர் பொம்மை என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்கு 2014-ல் வந்த ஹாலிவுட் படம்தான் படம். உண்மையிலேயே புதுசு பழசுக்கு ஈடா?
– ஜெ., தங்கச்சிமடம்

உருவத்தில் புதுசு எங்கோ போய்விட்டது. பழைய கோட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர், 2014-ல் அது 108 மீட்டர். பயத்தில் மட்டும் பழசின் கிட்டேகூட வரவில்லை. இதைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.

1954 மார்ச் 1-ம் தேதி, பசிபிக் கடலிலுள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. 6 மெகாடன் போல வரும் என்பது கணக்கு; வெடித்தது 15 மெகாடன். ஆபத்துப் பகுதி என்று அறிவித்திருந்த எல்லைக்கு வெளியேதான் ‘ஐந்தாம் ஃபுகுரியூ மாரு’ என்ற மரப்படகு சூரை பிடித்துக்கொண்டிருந்தது. அதன் தளத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். ஊர் திரும்புவதற்குள் தோல் வெந்து, முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. படகின் ரேடியோ வேலையைக் கவனித்தவர் செப்டம்பர் 23-ம் தேதி இறந்தார். கதிர்வீச்சு ஏறிய மீனைச் சந்தையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அவர் இறந்து ஆறே வாரத்தில், நவம்பர் 3-ம் தேதி, இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் ‘கோட்ஸில்லா’ திரைக்கு வந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் காட்சியைத் திரும்பப் பாருங்கள். கப்பல் தளத்தில் ஆட்கள் கிதாரும் மவுத் ஆர்கனும் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் வெளிச்சமாகக் கொதிக்கிறது, கப்பல் பற்றி எரிகிறது. அடுத்து, கப்பல் கம்பெனி அலுவலகம். வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு, பிழைத்தவர்கள் யார் யார் என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை. போன படகு கரை சேராத நாளில் படகுத்துறையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராது. ராட்சசன் முகம் காட்டுவதே இதற்கெல்லாம் வெகு நேரம் கழித்துத்தான்.

2014 படம் இதில் கைவைத்துவிட்டது. அதன் கதைப்படி, 1954 குண்டுச் சோதனையே ராட்சசனைக் கொல்வதற்காக நடந்த முயற்சி. மூலத்தில் குண்டு வினை. இங்கே அது மருந்து. இந்த ஒரு மாற்றத்திலேயே கதையின் உயிர் போய்விட்டது. 1998-ல் வந்த இன்னொரு ஹாலிவுட் படம் பழியைப் பிரான்ஸ் நடத்திய சோதனைகள் மேல் போட்டுவிட்டு நியூயார்க்கில் ஓடிப்பிடித்து விளையாடியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ரீமேக் என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. 2016-ல் ஜப்பானில் எடுத்த ‘ஷின் கோட்ஸில்லா’ 2011 சுனாமியையும் புகுஷிமா அணு உலை விபத்தையும் எடுத்துக்கொண்டது: ராட்சசன் ஊருக்குள் வர, அதிகாரிகள் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2023-ல் வந்த ‘கோட்ஸில்லா மைனஸ் ஒன்’ போரில் தோற்ற ஜப்பானுக்குத் திரும்பிப் போனது. அதில் கண்ணிவெடி அகற்றுகிற மரப்படகுக் காட்சிகளை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரும்புப் படகென்றால் காந்தக் கண்ணி வெடித்துவிடும், அதனால்தான் மரப்படகு. படகை நிஜக் கடலில் ஓட்டி எடுத்திருக்கிறார்கள். அலை ஏறி இறங்கும்போது ஆட்கள் கால் ஊன்றுவதைப் பார்த்தாலே தெரியும். 2024-ல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. மூலத்தின் ராட்சசனை எடுத்துக்கொண்டால் போதாது, தன் காலத்து ஜனங்கள் எதற்குப் பயந்தார்களோ அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு படங்களும் அதைச் செய்தன.

இன்னொன்று: நீங்கள் போட்டுக் காட்டியது எந்தப் பிரதி? மூலம் 96 நிமிஷம். 1956-ல் அமெரிக்காவில் அதை வெட்டி, ஓர் அமெரிக்க நிருபரை நடுவில் ஒட்டி, சுமார் 80 நிமிஷமாக்கி வெளியிட்டார்கள். அணுகுண்டுப் பேச்சு அதில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உங்களிடம் இருப்பது அதுவென்றால் பிள்ளைகள் மேல் குற்றமில்லை.

கேள்வி: ‘தி திங்’ படத்துக்கு மட்டும் ரீமேக்தான் உசத்தி என்கிறார்களே, ஏன்?
– மு.அ., கீழக்கரை

1938-ல் ஜான் கேம்ப்பெல் எழுதிய குறுநாவல்தான் வேர். பனிப்பிரதேசத்தில் மாட்டிக்கொண்ட ஆட்களுக்குள், யார் வடிவத்தை வேண்டுமானாலும் எடுக்கிற ஜந்து ஒன்று புகுந்துவிடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் மனுஷனா இல்லையா என்று தெரியாது. 1951 படம் இந்த முடிச்சையே விட்டுவிட்டது. அதில் வருவது தாவர வகையைச் சேர்ந்த ஓர் உயரமான ஆள், அவ்வளவுதான். 1982-ல் ஜான் கார்ப்பென்டர் முடிச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். அதாவது, ரீமேக் பழைய படத்தைத் தாண்டி எழுத்துக்கே போனது. மூலத்தில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால்தான் ரீமேக்குக்கு வேலை இருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக் காட்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஆட்களை வரிசையாகக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவர் ரத்தத்தையும் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, காய்ச்சிய கம்பியை அதில் வைக்கிறார்கள். மனுஷ ரத்தமென்றால் சுர்ரென்று தீயும். ஜந்துவின் ரத்தமென்றால் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் துள்ளும். இசையே இல்லாத இடத்தில் அந்தச் சுர்ர் சத்தம்தான் தாளம். இரண்டு மூன்று முறை ஒன்றும் நடக்காததால் நாம் தளர்ந்து உட்காருகிற நேரத்தில்தான் அது நடக்கிறது.

2011-ல் அதே பெயரில் முன்கதை ஒன்று வந்தது. அதற்கு ரப்பரிலும் இயந்திரத்திலும் செய்த ஜந்துக்களைப் படம்பிடித்துவிட்டு, பிறகு பெரும்பகுதியைக் கணினி வரைகலையால் மூடிவிட்டார்கள். நடிகர்கள் கண்ணெதிரே இருந்த பொருள் திரையில் இல்லை. அந்தப் பளபளப்பில் கனமே இல்லை.

கேள்வி: ‘சோலாரிஸ்’ 1972-ஆ, 2002-ஆ?
– ரா., தொண்டி

1972. தார்க்கோவ்ஸ்கியின் படம் இரண்டே முக்கால் மணி நேரம், சோடர்பெர்க்கின் படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பின்னது நல்ல காதல் படம். ஆனால் ஸ்தனிஸ்வாவ் லெம் எழுதிய கதையில் கடலே ஒரு மூளை. அந்தக் கடலுக்கு 2002 படத்தில் இடமே இல்லை. தூக்கம் வராத ராத்திரியாகப் பார்த்து உட்காருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் பழைய படம் ஒரு நாள், ரீமேக் ஒரு நாள் என்று போட்டோம். பெரிய டிவியில் பழைய படம் சீரியல் மாதிரி இருந்தது, ஆட்களும் குண்டாகத் தெரிந்தார்கள். அடுத்து மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைக்கலாம் என்று யோசனை. எதை எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர் மன்றம், பாம்பன்

சீரியல் மாதிரி தெரிந்ததற்குக் காரணம் டிவி. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். டிவி நடுவில் தானாகவே ஃபிரேம்களை உண்டாக்கிச் சேர்க்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று பேர் மாறும்; செட்டிங்கில் ‘பிக்சர்’ பகுதிக்குள் இருக்கும், அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். ரப்பர் உடுப்பு ரப்பராகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த வசதிதான்: மாடல் கட்டடம் மெதுவாகச் சரிய வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்ததை வழவழவென்று ஆக்கிவிடும்.

குண்டாகத் தெரிந்தது 4:3 (அகலம்:உயரம்) படத்தை 16:9 திரைக்கு இழுத்ததால். ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ வையுங்கள். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும்.

புரொஜெக்டருக்கு முதலில் இருட்டு வேண்டும். உங்கள் பக்கம் ஜூனில் 6.35 போல, டிசம்பரில் 6 மணி போலச் சூரியன் மறைகிறது. அதிலிருந்து 40 நிமிஷம் விட்டு ஆரம்பியுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது ரொம்ப முக்கியம். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். 10 அடி அகலத் திரை என்றால் உயரம் 5.6 அடி, பரப்பு 56 சதுர அடி. தியேட்டர் அளவு வெளிச்சம் வர நிஜமான 900 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தேவை. விலை குறைந்த பெட்டிகளின் மேல் 9,000 என்றுகூடப் போட்டிருக்கும். ‘ஆன்சி’ (ANSI) என்ற சொல்லோடு போட்டிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள்.

காற்று அடுத்த தொல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் திரைத் துணி படகுப் பாய் மாதிரி இழுக்கும். காற்றுக்கு முகம் காட்டாமல், காற்று துணியின் ஓரத்தைத் தழுவிப் போகிற மாதிரி கட்டுங்கள். இதைவிட நல்லது சுண்ணாம்பு அடித்த சுவர். பளபளப்புப் பெயின்ட் வேண்டாம், நடுவில் வெளிச்சப் பொட்டு விழும். படம் முடிந்ததும் விசிறி தானாக நிற்கும்வரை மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். அப்புறம் உலர்ந்த துணியால் துடைத்து, மூடுகிற பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும். ராத்திரி முழுக்க மாடியில் விட்டால் லென்ஸுக்குள் படலம் பிடிக்கும், அதை வீட்டில் துடைக்க முடியாது.

கேள்வி: நம்ம ‘கூகுள் குட்டப்பா’ (2022) மலையாளப் படத்தின் ரீமேக் என்கிறார்கள். எது நன்றாக இருக்கும்?
– சி., மண்டபம்

மலையாளம். 2019-ல் வந்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’. வெளிநாட்டு வேலைக்குப் போகிற மகன், தனியாக இருக்கும் பிடிவாதக்கார அப்பாவுக்குத் துணையாக ரோபோ ஒன்றைக் கொண்டுவந்து விடுகிறான். நாற்பதுகளில் இருந்த சுராஜ் வெஞ்ஞாரமூடு அந்தக் கிழவராக நடித்தார். முதுமை முகப்பூச்சில் மட்டும் நிற்காமல் நடையிலும் இருக்கும். ரோபோ உடுப்புக்குள் ஒரு நடிகர் இருந்து நடித்ததால், அப்பாவின் பார்வையும் ரோபோவின் தலையசைப்பும் நேருக்கு நேர் பொருந்துகின்றன. தமிழில் அப்பாவாக கே.எஸ்.ரவிக்குமார் மனமார உழைத்திருக்கிறார். குறை அவரிடம் இல்லை. மலையாளக் கதை பய்யனூரில் வேர் பிடித்தது. அந்த ஊரின் பேச்சும் அந்தப் பெரியவரின் சாதிப் பெருமையும் இயந்திர வெறுப்பும் ஒன்றோடொன்று பின்னியவை. காட்சிகளைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் வேர் அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சப்டைட்டிலோடு மலையாளத்தைப் பாருங்கள்.

கேள்வி: கோட்ஸில்லா மாதிரி ஒரு குறும்படத்தை நம்ம கடலிலேயே, போனில் எடுக்கப் பார்க்கிறோம். பாலமும் படகும் 1/25 அளவில் மாடல் செய்கிறோம். சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர்கள், ராமேஸ்வரம்

முதலில் ராட்சசன் எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று தீர்மானியுங்கள். பெண் கடல் என்கிற பாக் விரிகுடாவில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இருக்கும். 50 மீட்டர் ஜந்து அங்கே ஒளிய முடியாது, முழங்கால்கூட நனையாது. ஆண் கடலான மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும். அங்கிருந்து வரட்டும். பாலம் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் மறைவிடம் இல்லாமல் நிற்கும். உங்கள் கதைக்கு அதுவே நல்ல திருப்பம்.

மாடல் நிஜமாகத் தெரிய வேகக் கணக்கு ஒன்று இருக்கிறது. அளவின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள். 1/25 என்றால் வர்க்கமூலம் 5, ஆக 120 ஃபிரேம். போனில் 120-ல் எடுத்து 24-ல் ஓட்டினால் உடைந்த தூண் சரியான கனத்தோடு விழும். 120-ல் எடுக்க வெளிச்சம் ஐந்து மடங்கு வேண்டும். வெயிலில் எடுங்கள். சாதாரண பல்பு, டியூப்லைட்டில் எடுத்தால், நம் மின்சாரம் விளக்கை நொடிக்கு 100 முறை துடிக்க வைப்பதால், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1954-ல் ஆள் உள்ளே இருந்து நடித்த கோட்ஸில்லா உடுப்பு 100 கிலோ போல இருந்தது. வேக ஃபிரேமுக்காகப் போட்ட விளக்குச் சூட்டில் உள்ளே இருந்தவர் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியவில்லை. உங்கள் உடுப்புக்காரருக்குத் தண்ணீரும் இடைவேளையும் கொடுங்கள்.

லென்ஸ் உயரம் அடுத்தது. மனுஷக் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1/25-ல் அது 6.4 சென்டிமீட்டர். போனைத் தலைகீழாகத் தரையில் வைத்தால் லென்ஸ் அந்த உயரத்துக்குக் கீழேயே வந்துவிடும். மேலிருந்து எடுத்தால் எத்தனை உழைத்தாலும் பொம்மைதான்.

தண்ணீரில் மட்டும் மாடல் படகை விடாதீர்கள். தண்ணீரின் துளியைச் சிறிதாக்க முடியாது: 4 மில்லிமீட்டர் துளி, 1/25 மாடல் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் துளியாகத் தெரியும். நெருப்பும் அப்படித்தான். உங்களிடம் நிஜ நாட்டுப்படகு இருக்கிறது, நிஜக் கடல் இருக்கிறது. கடல் காட்சிகளை அதில் எடுத்து, ராட்சசனின் முதுகைத் தூரத்தில் மட்டும் காட்டுங்கள். கரையில் கூட்டம் கூடுகிற காட்சிக்கு, கடலுக்குப் போன படகுகளுக்கு மீன்துறை கொடுத்த டோக்கன் எண்களை ஒருவர் வாசிக்க வாசிக்க வீட்டுக்காரர்கள் பதில் சொல்கிற மாதிரி எடுங்கள். தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும் என்பதால் அந்தக் காட்சிக்குப் பின்னணி செலவில்லாமல் கிடைக்கும். படகு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.