அப்டேட் போட்டதும் பேட்டரி வடிகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கணினிக் கேள்விகளில் பல ஒரே சிக்கலைப் பற்றியவை: அப்டேட் ஏறிய பிறகு லேப்டாப்பில் சார்ஜ் நிற்பதில்லை. அவற்றை மட்டும் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

என் லேப்டாப் ஒருமுறை சார்ஜ் போட்டால் 5 மணி நேரம் தாங்கும். விண்டோஸ் 11-க்கான பெரிய அப்டேட் 3 நாள் முன்பு ஏறியது. இப்போது 2 மணி நேரம்கூட வருவதில்லை. ஃபேன் சத்தமும் ஓயவில்லை. கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பிராசஸர் ஏதோ வேலையில் இருக்கிறது. தேய்ந்த பேட்டரி சீக்கிரம் தீருமே தவிர, அதனால் மட்டும் ஃபேன் சுற்றாது.

பெரிய அப்டேட் ஏறியதும் விண்டோஸ் உள்ளுக்குள் நிறைய வேலை செய்கிறது. கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணையைப் புதுப்பிக்கிறது, வைரஸ் தடுப்பு முழு டிஸ்க்கையும் ஒருமுறை பார்க்கிறது, பழைய சிஸ்டம் கோப்புகளைத் துப்புரவு செய்கிறது. லேப்டாப் சார்ஜரில் இல்லாதபோதும் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் இந்த வேலைகளில் பலவற்றை அது மெதுவாக்கும் அல்லது தள்ளிப்போடும். வகுப்பில் பேட்டரியிலேயே பயன்படுத்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மூடிவைத்துச் சார்ஜ் போடுபவர்களுக்கு இரண்டு நாள் வேலை ஒரு வாரம்வரை இழுப்பது இதனால்தான். இன்றிரவு சார்ஜரை மாட்டி, வைஃபையை இணைத்து, ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ என்று மாற்றி, மூடியைத் திறந்தபடி மேசைமேல் விட்டுவிடுங்கள். மெத்தைமேல் வேண்டாம், காற்று வழி அடைபடும். காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது இதற்குச் சமம் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை.

அதன் பிறகும் வடிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘சிபியு’ என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். எதையும் தொடாமல் 5 நிமிடம் கவனியுங்கள். சும்மா இருக்கும் லேப்டாப்பில் மொத்தப் பயன்பாடு சில சதவீதத்துக்குள் அடங்கிவிட வேண்டும். ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’, ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’, ‘செர்ச் இண்டெக்ஸர்’ ஆகியவை மேலே நின்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இன்னொரு இரவு கொடுங்கள். வேறு ஏதாவது ஒரு புரோகிராம் நாள் கணக்கில் மேலேயே நின்றால் அதுதான் குற்றவாளி. அதைப் புதுப்பிக்கவோ நீக்கவோ வேண்டியிருக்கும்.

சில நேரம் அப்டேட்டிலேயே பிழை இருப்பதும் உண்டு. 2019 ஆகஸ்ட் இறுதியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, சிலருடைய கணினிகளில் விண்டோஸின் குரல் உதவியாளரான கார்ட்டனாவின் தேடல் பகுதி பிராசஸரை விடாமல் பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 10 அன்று வந்த அடுத்த அப்டேட் அதைச் சரிசெய்தது. ஆகவே ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்திப் பார்ப்பதும் ஒரு வைத்தியம்தான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ‘பவர் அண்ட் பேட்டரி’ பக்கத்தில் ‘பவர் மோட்’ என்று இருக்கும். அது ‘பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்’ என்று மாறியிருந்தால், பேட்டரியில் ஓடும்போது ‘பேலன்ஸ்ட்’ அல்லது ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி’ ஆக்குங்கள். அதே பக்கத்தில், எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற கணக்கும் கிடைக்கும். அதில் பின்னணியில் ஓடிய நேரத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

தவறு அப்டேட்டிலா, பேட்டரியிலா என்று வீட்டிலேயே உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? லேப்டாப் வாங்கி 4 ஆண்டு ஆகிறது.
– வாசகர், திருநெல்வேலி

உண்டு. விண்டோஸே அந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறது. பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் எல்லோரும் இதைப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கு செய்து ‘டெர்மினல்’ திறங்கள். ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே வரும். அந்தக் கோப்பைச் சொடுக்கினால் பிரவுசரில் திறக்கும்.

முதலில் ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ இரண்டையும் பாருங்கள். முதலாவது, பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு. இரண்டாவது, இன்று அது கொள்ளும் அளவு. 50,000 மில்லிவாட்-அவர், அதாவது 50 வாட்-அவர் என்று இருந்தது 31,000 ஆகியிருந்தால் மிச்சம் 62 சதவீதம். லேப்டாப் சராசரியாக 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், புதிதில் 5 மணி நேரம் ஓடியது இப்போது 3 மணி நேரம் 6 நிமிடம்தான் ஓடும். இதற்கு அப்டேட் பொறுப்பல்ல.

அடுத்ததாக ‘பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி’ பகுதிக்கு வாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கொள்ளளவு எப்படிக் குறைந்துவந்தது என்று தேதிவாரியாக இருக்கும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்து, அப்டேட் ஏறிய தேதியைக் குறித்துக்கொண்டு இதனோடு ஒப்பிடுங்கள். பல மாதமாகவே கொள்ளளவு சரிந்து வந்திருந்தால் பேட்டரிதான் காரணம்; அப்டேட்டின் கூடுதல் வேலை அதை வெளிச்சம்போட்டுக் காட்டியது, அவ்வளவே. கொள்ளளவு அப்படியே இருக்க, கடைசியில் வரும் ‘பேட்டரி லைஃப் எஸ்டிமேட்ஸ்’ பகுதியில் மட்டும் அந்தத் தேதிக்குப் பின் மணிக்கணக்கு பாதியானால், மென்பொருளோ, வைஃபை, திரை போன்ற கருவிகளை இயக்கும் டிரைவரோதான் மின்சாரத்தைத் தின்கிறது. அந்த நிலையில் புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் அதே வேகத்தில்தான் தீரும்.

இரவு 100 சதவீதத்தில் மூடிவைக்கிறேன். காலையில் 50 சதவீதம்தான் இருக்கிறது. பையில் வைத்தால் சூடாகவும் இருக்கிறது. அப்டேட்டுக்கு முன் இப்படி இல்லை.
– வங்கி ஊழியர், கும்பகோணம்

உங்கள் லேப்டாப் தூங்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 வாட்-அவர் பேட்டரியில் பாதி என்பது 25. அது 8 மணி நேரத்தில் போனால் மணிக்கு 3 வாட்டுக்கு மேல். ஒழுங்காக உறங்கும் லேப்டாப் அரை வாட் இழுத்தால்கூட ஓர் இரவில் 4 வாட்-அவர், அதாவது 8 சதவீதம்தான் குறையும்.

இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் பழைய முறை ஸ்லீப் கிடையாது. ‘மாடர்ன் ஸ்டான்ட்பை’ என்ற முறையில், செல்போன்போல் திரை அணைந்திருக்கும், உள்ளே நெட் இணைப்பு உயிரோடு இருக்கும். வைஃபை டிரைவரோ, யுஎஸ்பியில் செருகிய வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரோ, ஏதாவது ஓர் ஆப்போ விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் பிராசஸர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போவதில்லை. அப்டேட்டோடு புது வைஃபை டிரைவரும் ஏறியிருந்தால் சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கு செய்து, ‘டெர்மினல் அட்மின்’ திறங்கள். மேலே சொன்ன பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ‘ஏ’ என்ற ஓர் ஆங்கில எழுத்து தட்டி என்டர் கொடுங்கள். ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ இருக்கிறது என்று பதில் வந்தால் உங்களுடையது மாடர்ன் ஸ்டான்ட்பை. பிறகு அதே கட்டளையில் ‘ஏ’-க்குப் பதில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். கடந்த 3 நாளில் ஒவ்வொரு உறக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, எந்தக் கருவி விழித்திருந்தது என்று வண்ணம் தீட்டிக் காட்டும். சிவப்பாக இருக்கும் உறக்கத்தைச் சொடுக்கினால் ‘டாப் அஃபென்டர்ஸ்’ என்ற தலைப்பில் பெயர் கிடைக்கும். அந்தக் கருவிக்கான டிரைவரை, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்கிப் போடுங்கள். டிரைவர் தேடித்தருகிறேன் என்று வரும் மூன்றாம் நபர் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

காரணம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி இன்றே மாற்றிவிடுங்கள். அதே அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ‘ஹைபர்னேட்’, இடைவெளி, ‘ஆன்’. பிறகு கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’, அதில் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’. அங்கே ‘ஆன் பேட்டரி’ என்பதன் கீழ் ஹைபர்னேட் என்று தேர்ந்து சேமியுங்கள். ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடுவதால் இரவில் சார்ஜ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். திறக்கும்போது சில நொடி கூடுதலாகும். டிஸ்க்கில் ரேம் அளவில் சுமார் 40 சதவீத இடம் பிடிக்கும். பைக்குள் சூடாகும் லேப்டாப்புக்கு இது மிகவும் அவசியம். காற்றோட்டமில்லாத சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

அப்டேட்டுக்குப் பிறகு திரை வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. பேட்டரியும் வேகமாகத் தீர்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, மதுரை

பெரும்பாலும் உண்டு. ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போய் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதை விரித்துப் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்ற பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் கழன்றுவிட்டது. வீடியோ, அனிமேஷன் எல்லாவற்றையும் பிராசஸரே சுமக்கிறது. திரையும் முழு வெளிச்சத்தில் எரிகிறது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து சரியான டிரைவரைப் போட்டால் இரண்டும் தீரும்.

பெயர் சரியாக இருந்து சிக்கல் மட்டும் புதிதென்றால், அந்தப் பெயரை இருமுறை சொடுக்கி, ‘டிரைவர்’ பகுதியில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்துங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை.

கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற அளவு) 144 ஹெர்ட்ஸில் நின்றால் பேட்டரியில் ஓடும்போது 60 ஆக்குங்கள். ‘கிராஃபிக்ஸ்’ பக்கத்தில் பிரவுசருக்கும் வீடியோ பிளேயருக்கும் ‘பவர் சேவிங்’ தேர்ந்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வீணாக விழிக்காது.

35 சதவீதம் காட்டும்போதே சட்டென்று அணைந்துவிடுகிறது. கேலிபரேட் செய்தால் போதும் என்கிறார் நண்பர்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பேட்டரியின் சதவீதக் கணக்கைச் சீர்படுத்துவதுதான் கேலிபரேட். ஒருமுறை செய்து பார்க்கலாம். 100 சதவீதம்வரை சார்ஜ் ஏற்றி, இன்னும் 2 மணி நேரம் செருகியே வையுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி 5 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை பயன்படுத்தி, இடையில் நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். இதனால் சரியாவது சதவீதக் கணக்கு மட்டுமே. இழந்த கொள்ளளவு திரும்பாது. செய்த பிறகும் 35-இல் அணைந்தால் செல் தேய்ந்துவிட்டது. சுமை ஏறியதும் அதன் மின்னழுத்தம் சரிந்து, லேப்டாப் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

மாற்றும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் 3 செல், 4 செல் என்று இரண்டு விதமும் வருவதுண்டு. பழைய பேட்டரியின் மேலே அச்சிட்ட பாகம் எண், வோல்ட், வாட்-அவர் மூன்றும் பொருந்த வேண்டும். போட்டதும் கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, கொள்ளளவையும் சைக்கிள் எண்ணிக்கையையும் (எத்தனை முறை முழுதாகத் தீர்ந்து ஏறியது என்ற கணக்கு) பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி பொருந்தாமல் புடைத்திருந்தாலோ கேலிபரேஷன் முயற்சியே வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். குத்தாமல், அழுத்தாமல் சர்வீஸ் மையத்தில் ஒப்படையுங்கள்.

மேக்புக்கிலும் இதே தொல்லை. என்ன செய்வது?
– வாசகி, சிங்கப்பூர்

அங்கும் முதல் ஓரிரு நாள் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதியின் அட்டவணை வேலை நடக்கும், சார்ஜரில் விட்டுவையுங்கள். பிறகு ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘எனர்ஜி’ பகுதியில் ‘12 ஹவர் பவர்’ நெடுவரிசையையும் ‘ப்ரிவென்டிங் ஸ்லீப்’ நெடுவரிசையையும் பாருங்கள். இரவில் மட்டும் வடிந்தால் புளூடூத்தை அணைத்து ஓர் இரவு சோதியுங்கள். 2022 பிப்ரவரியில் வந்த மேக்ஓஎஸ் 12.2.1, புளூடூத் கருவிகள் இணைந்திருக்கும்போது இன்டெல் மேக்குகளில் உறக்கத்தில் சார்ஜ் கரையும் பிழையைச் சரிசெய்யவே வந்தது. சிஸ்டம் செட்டிங்ஸின் ‘பேட்டரி’ பக்கத்தில் ‘சர்வீஸ் ரெகமண்டட்’ என்று இருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

பேசாமல் அப்டேட்டை நீக்கிவிட்டு, இனி வராதபடி நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம்

நிரந்தரமாக நிறுத்துவது தவறு. மாதந்தோறும் வரும் அப்டேட்டுகளில் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்பு இருக்கிறது. மேலே சொன்ன எதுவும் பலிக்காமல், அப்டேட்தான் காரணம் என்று ரிப்போர்ட்டும் காட்டினால் மட்டும் நீக்குங்கள். மாதாந்தர அப்டேட்டை ‘அப்டேட் ஹிஸ்டரி’யில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ வழியாக நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றமென்றால் ‘ரெகவரி’ பக்கத்தில் ‘கோ பேக்’ இருக்கும். பொதுவாக 10 நாளுக்குள் செய்ய வேண்டும். இடையில் டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டுச் செய்யுங்கள். நீக்கியதும் ‘பாஸ் அப்டேட்ஸ்’ கொடுத்து சில வாரம் நிறுத்திவைத்து, திருத்திய அப்டேட் வந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள்.