தரையில் எஃகுத் தகடு, சுவரில் பென்சில் கோடு. பொருளைவிட அதன் பின்னுள்ள எண்ணமே முக்கியம் என்னும் கருத்துக்கலை (conceptual art) கேலரியில் எதைத்தான் விற்கிறார்கள்?

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் கொன்ராட் ஃபிஷர் 1967 அக்டோபரில் திறந்த கேலரியை எடுத்துக்கொள்வோம். இடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரு கட்டடங்களுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான வழிநடையைக் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்த அறை, அவ்வளவுதான். முதல் கண்காட்சி அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆன்ட்ரேயுடையது: 100 எஃகுத் தகடுகள், தரை முழுக்க. அதன்மேல் நடக்காமல் உள்ளே போக முடியாது. படைப்பை மிதித்துக்கொண்டே ‘எங்கே படைப்பு?’ என்று தேடலாம்!

ஃபிஷரும் முன்பு ஓவியர்தான். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் கூட்டாளி. கேலரி நடத்துவதில் ஃபிஷருடைய வழி எளிது: படைப்பைத் தருவிப்பதைவிடக் கலைஞரையே வரவழைத்து, அந்த அறைக்கென்றே செய்யவைப்பது. 1968-இல் அமெரிக்கக் கலைஞர்கள் சோல் லெவிட், புரூஸ் நாமன் எல்லாம் அங்கே காட்சி வைத்தார்கள்.

சரி, விற்பனை? தகடுகளை அள்ளிக்கொண்டு போகலாம். லெவிட்டின் சுவரோவியம் என்றால் கையில் கிடைப்பது ஒரு சான்றிதழும் வரையும் முறையைச் சொல்லும் குறிப்பும்தான். வரைவது பெரும்பாலும் உதவியாளர்கள். வீடு மாற்றினால் பழைய சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் புதுச் சுவரில் வரைந்துகொள்ளலாம். ஏமாற்றுவேலை என்று எனக்குத் தோன்றவில்லை. இசைக்குறிப்பை யார் வாசித்தாலும் அது அந்த இசையமைப்பாளருடையதுதானே? ஆனால் சான்றிதழைத் தொலைத்துவிட்டால் மட்டும் மறுவிற்பனை பெரும்பாடு.