நெடுந்தூர பைக் பயணம்: பஞ்சருக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: தீபாவளிக்கு ஓசூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-யில் போகிறேன். ஒரு பஞ்சர் கிட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?
– வாசகர், அல்சூர்

பதில்: முதலில் உங்கள் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். கிளாசிக் 350 அலாய் சக்கரத்தோடும் வருகிறது, ஸ்போக் சக்கரத்தோடும் வருகிறது. அலாய் என்றால் டியூப்லெஸ் டயர். நண்பர் சொன்ன கிட்டும் ஒரு பம்பும் போதும். ஸ்போக் என்றால் உள்ளே டியூப் இருக்கிறது. அதற்கு அந்த கிட் உதவவே உதவாது. டயரில் விழுந்த ஓட்டையை அடைத்தாலும் டியூபில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும். காற்று ஸ்போக் துளைகள் வழியே வெளியேறிவிடும்.

ஸ்போக் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவை எழுதிக்கொண்டு பெங்களூரு ஜே.சி. ரோடு போனால் கிடைக்கும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் பின் டயருக்கானதை எடுங்கள். முன் டயர் ஏறும்போது படுத்திருந்த ஆணி நிமிரும். நிமிர்ந்த ஆணி பின் டயரில் இறங்கும். அதனால்தான் பின் டயர் அதிகம் பஞ்சராகிறது. கூடவே, ஒரு அடிக்குக் குறையாத டயர் லிவர் (டயரை நெம்பும் கம்பி) மூன்று, உங்கள் ஆக்ஸில் (சக்கர அச்சு) நட்டுக்குச் சரியான ஸ்பானர், வால்வு பின் கழற்றும் சாவி, ஒரு துண்டு சோப்பு, பழைய துணி, பம்ப்.

இதையெல்லாம் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்பானர் பொருந்துகிறதா, கடையில் மிஷினால் இறுக்கிய நட்டு உங்கள் கைக்கு அசைகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அசையாத நட்டை இருட்டிய பிறகு கிருஷ்ணகிரி தாண்டி ரோட்டோரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது.

நட்டைத் தளர்த்துமுன் செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்குங்கள். ரிம்மில் ஒட்டியிருக்கும் டயர் ஓரத்தைப் பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. கூட வரும் வண்டியின் சைடு ஸ்டாண்டை ரிம்மில் படாமல் டயர் மேல் வைத்து, அந்த வண்டியின் பாரத்தை மெல்ல அதன் மேல் சாய்த்தால் பிரிந்துவிடும். வால்வு பக்கத்திலிருந்து லிவர் போடுங்கள். எதிர்ப்பக்க ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி வைத்தால்தான் இந்தப் பக்கம் இளகும். பள்ளத்தில் இறங்காவிட்டால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வராது.

டியூபை உருவியதும் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடையுங்கள். உள்ளே கம்பித்துண்டோ முள்ளோ இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். புது டியூப் போட்டு இருபது கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர் என்றால், பெரும்பாலும் பழைய முள் டயரிலேயே இருந்திருக்கும். இல்லையென்றால் மாட்டும்போது லிவர் டியூபைக் கடித்திருக்கும். ஸ்போக் தலைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புது டியூபில் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். தொய்ந்த டியூப்தான் மடிந்து லிவரில் சிக்கும். மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசியில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால், ஓரத்தில் சிக்கிய டியூப் விடுபடும்.

வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். டயர் ரிம்மில் நகரும்போது டியூபும் கூட நகரும். நட்டு தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து உங்களை எச்சரிக்கும். இறுகியிருந்தால் அடியோடு பிய்ந்துவிடும்.

இந்த வேலை நமக்கு ஆகாது என்று தோன்றினாலும் டியூபை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரோட்டோரக் கடைக்காரரிடம் கைத்திறமை இருக்கும், உங்கள் அளவு டியூப் இருக்க வேண்டுமே! தீபாவளி அன்று பல கடைகள் திறந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் டயரில் கிட் வைத்து நானே பஞ்சர் போட்டேன். குச்சியை இழுத்தபோது ரப்பர் திரியும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. எங்கே தவறு?
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: ஓட்டையைப் போதுமான அளவு ராவவில்லை. ஓட்டை குறுகலாக இருந்தால், டயருக்குள் இருக்கும் இழை அடுக்கு திரியைக் குச்சியோடு சேர்த்து நெருக்கும்; இழுக்கும்போது இரண்டும் ஒன்றாக வெளியே வந்துவிடும். எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். அரம் போன்ற கருவியில் சொல்யூஷன் தடவி, அதே சாய்வில் எட்டுப் பத்து முறை மேலும் கீழும் ராவுங்கள். திரியைக் குச்சியின் காதில் நடுவாகக் கோத்து, அதிலும் சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்வரை அழுத்துங்கள். பிறகு குச்சியைத் திருகாமல் நேராக, ஒரே வெடுக்கில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் திரியும் வரும். மிச்சத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காற்று அடித்து, எச்சில் வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள்.

பக்கச்சுவரில் குத்தியிருந்தால் திரி நிற்காது. ஓடும்போது அந்த இடம் மடங்கி விரிந்துகொண்டே இருக்கும். கடைவரை மெதுவாகப் போய் டயரை மாற்றுங்கள்.

வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் வைத்திருந்தால், மொபைல் சார்ஜ் போடும் சாக்கெட்டில் சொருகாதீர்கள். அது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஃபியூஸ் போய்விடும். கிளிப் வைத்து நேராகப் பேட்டரியில் கொடுத்து, இஞ்சினை ஓடவிடுங்கள்.

கேள்வி: பெங்களூருவில் காற்று பிடித்துவிட்டுச் சமவெளிக்கு இறங்கினால், வெயிலுக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா?
– வாசகர், முருகேஷ்பாளையா

பதில்: வேண்டாம். பெங்களூரு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால், மானியில் சுமார் 1.4 பிஎஸ்ஐ குறைந்து காட்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். சூடான டயரில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவதும் இயல்புதான். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள். குறைந்த காற்றில் டயர் அதிகம் மடங்கிச் சூடேறும்; வெடிப்பதும் அதனால்தான். காலையில் வண்டியை எடுக்குமுன் அளந்து பாருங்கள். பின்னால் ஆளும் சாமானும் இருந்தால், கையேட்டில் இருவருக்கான அளவைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) நிறைய இருக்கிறது. ஆனால் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. தாங்குமா?
– வாசகர், சிவாஜிநகர்

பதில்: மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பு. ஐந்தாறு வருடத்தில் ரப்பர் இறுகி, மழை ரோட்டில் பிடிப்பு போய்விடும். ஐப்பசி மழையில் வேறு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். புது டயர் போட்ட முதல் நூறு கிலோமீட்டரை ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டிவிட்டு நெடுஞ்சாலை ஏறுங்கள். அதுவரை மேற்பரப்பு வழுக்கும்.