மாலை ஆறு மணி நடை வேண்டாம்

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து அரிசோனாவின் சாண்ட்லருக்கு இந்த ஏப்ரலில் குடிவந்தோம். வெயில் தாழட்டும் என்று மாலை ஆறு மணிக்குத்தான் எங்கள் லாப்ரடாரை வெளியே கூட்டிப்போகிறோம். ஆனாலும் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறது, வீட்டுக்கே இழுக்கிறது. தொட்டியில் வைத்த கறிவேப்பிலையும் மல்லியும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் கருகுகின்றன. எட்டு வயது மகன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறான். இந்தக் கோடையை எப்படித் தள்ளுவது?

பதில்: உங்கள் நாய்க்குத் தெரிந்தது உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். சாண்ட்லர் இருக்கும் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சூடு உச்சத்துக்குப் போவதே மாலை நான்கு, ஐந்து மணிக்கு. சென்னையில் கடற்காற்று வந்து மாலையைக் காப்பாற்றிவிடும். ஃபீனிக்ஸ் பக்கம் அப்படி எதுவும் வராது. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து பகலின் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (43 செல்சியஸ்) குறையவே இல்லை. அப்படிப்பட்ட பிற்பகலில் தார்ச்சாலை 65 செல்சியஸைத் தாண்டும். பொழுது சாய்ந்த பிறகும் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நடை விடியற்காலையில். ஜூனில் ஐந்தரை மணிக்குள் சூரியன் வந்துவிடும். ஒரு நாளில் தரை மிகவும் ஆறியிருக்கும் நேரம் அதுதான். ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். தாங்கவில்லையென்றால் நடை இல்லை. நாய்க்கான காலுறை சாலையைக் கடக்கும் அளவுக்குத்தான் உதவும். லாப்ரடாரிடம் இன்னொரு ஆபத்து: பந்தை எறிந்தால் களைப்பு தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த வேண்டியது நீங்கள்தான். ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால், அங்கேயே உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். மருத்துவரிடம் ஓடுவது அதற்கப்புறம். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அது சூடேறி, உடலின் வெப்பம் வெளியேறாமல் அடைத்துவிடும்.

எந்தத் தண்ணீரானாலும் முதலில் ஹோஸில் தேங்கியிருப்பதைத் திறந்து வடித்துவிடுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் நாய்களும் அதில்தான் புண்படுகிறார்கள். செடி கருகுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கருகலை உற்றுப் பாருங்கள். இலை நடுவே வெளுத்த திட்டு என்றால் வெயில். ஓரமும் நுனியும் மட்டும் பழுப்பு என்றால் உப்பு. அந்த ஊர்த் தண்ணீர் கடினமானது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். காலையில் ஒரே வேளை, அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஊற்றி உப்பை அலசிவிடுங்கள். மேற்குச் சுவரோரம் இருந்தால் தொட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றி, மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்தே போகும். அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இடைவெளி விட்டு இறக்குங்கள். கருகிய இலைகளைக் கிள்ள வேண்டாம், கீழே இருப்பவற்றுக்கு அவைதான் நிழல். உரம் செப்டம்பருக்குப் பிறகு.

வடாம் போடும் வழக்கம் உண்டா? ஜூன் மாதம் அதற்கென்றே வாய்த்தது. காற்றில் ஈரமே இருக்காது. ஆனால் மேற்பரப்பு முதலில் காய்ந்து வெடிக்கும் என்பதால் முதல் சில மணி நேரம் நிழலில் உலர்த்தி, பிறகு மெல்லிய துணி மூடி வெயிலில் வையுங்கள். ஜூலையில் பருவமழையோடு புழுதிப்புயலும் வந்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

பருவமழை வந்தால் தேரையும் வரும். சோனோரா பாலைவனத் தேரை உள்ளங்கையளவு பெரியது, ஆலிவ் பச்சை நிறம். மழை பெய்த இரவுகளில் வெளிவரும். நாய் வாயில் கவ்வினால் நுரை தள்ளும், ஈறு சிவக்கும், வலிப்பும் வரலாம். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் வெளியே வழியும்படி மெல்ல அலசுங்கள். தொண்டைக்குள் போகக் கூடாது. ஈரத்துணியால் ஈறைத் துடைத்து, உடனே அவசர கால்நடை மருத்துவமனை. இரவில் நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தை வெளியே வைக்காதீர்கள், அதற்கும் தேரை வரும்.

மகனுக்கு ஒரு புறஊதா டார்ச் வாங்கிக் கொடுங்கள். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். இருட்டிய பிறகு மூடிய காலணியோடு, நீங்களும் கூடப் போய், கொல்லைச் சுவரில் தேடி எண்ணச் சொல்லுங்கள், தொட விடாதீர்கள். மரத்தேள் சுவரில் தலைகீழாகவும் ஒட்டியிருக்கும். அது கொட்டி, குழந்தையின் கண் கட்டுப்பாடில்லாமல் உருண்டாலோ கைகால் வெட்டி இழுத்தாலோ உடனே 911. மற்றபடி நஞ்சுத் தடுப்பு மையத்தின் 1-800-222-1222 எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.