பலாச்சுளைக் கணக்கும் குதிரைத் திருடனும்

அன்புள்ள சார்,

தாத்தா காலமான பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தோம். டிரங்குப் பெட்டி நிறையப் பழைய தமிழ்ப் புத்தகங்கள், பெரும்பாலும் சுதந்திரத்துக்கு முந்தியவை. ஆசையாகத்தான் பிரித்து உட்கார்ந்தேன். புராணம், நீதி நூல், சதகம், மறுபடியும் புராணம். எதை எடுத்தாலும் யாரோ நாற்காலியில் அமர்ந்து எனக்கு உபதேசம் செய்வதுபோலவே இருக்கிறது. நீங்கள் அடிக்கடி பழைய நூல்களைப் படிக்கச் சொல்கிறீர்கள். பக்தி, நீதி, இலக்கணம் தாண்டி நம் முன்னோர் வேறு எதையாவது எழுதினார்களா? எழுதியிருந்தால் ஏன் என் கண்ணில் படவில்லை? பழையவை என்ற ஒரே காரணத்துக்காக இவற்றை மதிக்கத்தான் வேண்டுமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. பழைய புத்தகங்களில் பெரும்பகுதி சலிப்பூட்டக்கூடியவைதான். நூலுக்கு முன்னால் பத்துப் பக்கம் சாற்றுக்கவி, அதில் ஆளாளுக்கு ஆசிரியரைக் கம்பனுக்கு நிகராக்கியிருப்பார்கள். அதையெல்லாம் பொறுமையாகப் படித்து முடித்தால் உள்ளே சரக்கு இருக்காது. எனக்கும் பலமுறை நேர்ந்ததுதான்.

ஆனால் மூன்றே விஷயங்களைத்தான் எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. சில நூல்களைப் பற்றிச் சொல்கிறேன்.

காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்று ஒரு நூல் உண்டு. நில அளவை, பொன் நிறை, நெல் அளவு என்று அன்றாடக் கணக்குகளை வெண்பாவில் சொல்வது. அதில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி வருகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணிக்கொள்ள வேண்டும். அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. பூசணிக்காய்க்கும் இப்படி ஒன்று இருக்கிறது, கீற்றை எண்ணி விதையைச் சொல்வது. கணக்கு சரியாக வருமா என்று என்னைக் கேட்காதீர்கள், சிறுமலைப் பழம் உங்கள் ஊருக்குத்தான் முதலில் வருகிறது. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வேறு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் சுளையை வேறு எண்ண வேண்டாம் என்று முடித்துவிடுகிறார். புலவர் தோரணையே கிடையாது. சந்தையில் பழத்தைத் தட்டிப் பார்த்து விலை படியாமல் நிற்கும் ஆளின் பேச்சு அது. வெண்பா இலக்கணம் ஓர் இடத்தில்கூட அவருக்கு இடைஞ்சலாக இல்லை.

அடுத்தது நொண்டி நாடகம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செல்வாக்காக இருந்த வடிவம். ஒற்றைக் காலோடு மேடைக்கு வரும் திருடன் தன் கதையைத் தானே பாடுகிறான். தாசி வீட்டில் பணத்தையெல்லாம் தொலைத்தது, பிறகு திருட்டில் இறங்கியது, கடைசியில் படைமுகாமில் குதிரை திருடப் போய் அகப்பட்டது, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டது எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறான். வருத்தப்பட்டுச் சொல்வதாகத்தான் பேர். குதிரையை எப்படிக் கிளப்பினான் என்பதைச் சொல்லும்போது அவனுக்கு வருகிற உற்சாகத்தைப் பார்த்தால் வருத்தம் சபைக்காக என்று தெரிந்துவிடும். திருச்செந்தூர் நொண்டியில் முருகன் அருளால் அவனுக்குக் கை கால் வளர்கிறது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட நொண்டியில் அவன் இஸ்லாத்தைத் தழுவி, வள்ளலின் உதவியோடு மக்கா சென்று கை கால் பெறுகிறான். கதை ஏறக்குறைய ஒன்று, திருடன் ஒருவன், போய்ச் சேரும் வாசல் மட்டும் வேறு. பார்த்தவர்களும் பெரிய பேதம் பாராட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதை வைத்துச் சிவகங்கைச் சமஸ்தான வித்துவான் வில்லியப்ப பிள்ளை எழுதியது பஞ்சலட்சணத் திருமுக விலாசம். பட்டினியில் வாடிய ஜனங்கள் மதுரைக்குப் போய்ச் சொக்கநாதரிடம் முறையிடுகிறார்கள். சொக்கநாதர் கைவிரிக்கிறார். தன்னிடம் ஒன்றும் இல்லை, சிவகங்கை துரைசிங்க ராஜாவைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்! போகிற போக்கில் அந்தக் காலத்து உத்தியோகஸ்தர்கள், பணக்காரர்கள், ஆண்கள், பெண்கள் யாரும் தப்பவில்லை, எல்லாரையும் புலவர் வாரிவிடுகிறார். இதைப் பக்தி நூல் என்று எந்த அலமாரியில் வைப்பது? கடவுளைக் கிண்டல் செய்யும் துணிச்சல் நமக்கு நேற்று வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சொக்கநாதரை அப்படி நிறுத்தியவர் ஒரு சமஸ்தானப் புலவர். படியளக்கும் ராஜாவைக் கிண்டல் செய்யவில்லை என்பதையும் கவனித்தேன், அது வேறு விஷயம்.

இவையெல்லாம் சபைக்காக எழுதியவை. யாருக்காகவும் எழுதாத ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். 1736இல் எழுதத் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த 1761 ஜனவரியிலேயே இறந்துபோனவர். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, யார் யாரிடம் கோள் சொன்னார்கள், துரை இன்று என்ன முகத்தோடு இருந்தார் என்று எல்லாம் உண்டு. பேசுகிற மாதிரியே எழுதுகிறார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். ஊரில் செல்வாக்குள்ள இந்து, இடித்தவர்களிடமே வேலை பார்ப்பவர், அன்றிரவு உட்கார்ந்து அதை எழுதுகிறார். துயரம் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவிமேல் ஆத்திரம் இருக்கிறது. தன் நிலைமையைக் காப்பாற்றிக்கொள்ளும் ஜாக்கிரதையும் இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் அவரை நம்ப முடிகிறது. நாவலாசிரியன் ஒருவன் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கடல் தாண்டியும் ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். அதற்காகத் தயாரான பாடநூல்களில் ஒன்று இரண வைத்தியம், 1867இல் வந்தது. முறிந்த எலும்பையும் அறுவைக் கத்தியையும் பற்றி அலங்காரமில்லாமல் பேசும் தமிழ் உரைநடை. நம் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவர இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது!

சரி, இவை ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? உ.வே. சாமிநாதையர் என் சரித்திரத்தில் ஒரு சந்திப்பைச் சொல்கிறார். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோஜனம் என்ற தோரணையில் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு எல்லாம் அச்சில் நமக்குக் கிடைத்தன. அதற்காக முதலியாருக்கு நாம் பட்ட கடன் தீராது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு விலையும் இருந்தது. எது பெரிய நூல் என்பதைத் தவிர வேறெதையும் நாம் கேட்காமல் போனோம். ஊரில் அதுவரை பாடிக்கொண்டிருந்த பள்ளும் நொண்டியும் தூதும் சிற்றிலக்கியம் என்று தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கின. பாடத்திட்டம் நீதியையும் பக்தியையும் எடுத்துக்கொண்டது, பிள்ளைகளுக்குக் கொடுக்க அவைதான் தோது. மறுபதிப்பும் பாடத்திட்டத்தின் பின்னாலேயே போனது. (சாமிநாதையர் இந்தச் சின்ன நூல்களை விட்டுவிடவில்லை. உலாவும் தூதும் அவரே நிறையப் பதிப்பித்தார். விட்டது அவருக்குப் பின் வந்த நாம்தான்.)

பண்டிதர்களின் பக்கமே வராத இன்னொரு கூட்டமும் இருந்தது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, புயல் அடித்தால் ஒரு சிந்து, கொலை நடந்தால் வழக்கு முடிவதற்குள் ஒரு சிந்து. மட்டமான தாள், எழுத்துப்பிழை தாராளம். படித்துவிட்டுப் பொட்டலம் மடிக்கப் போனவை என்பதால் மிஞ்சியது கொஞ்சம்.

ஆனாலும் எல்லாக் குரலும் பழைய நூல்களில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. உழவர் வாழ்க்கையைப் பாடும் பள்ளில் பள்ளி என்ற உழத்தி பேசுகிறாள், பேச்சு முழுவதும் பண்ணையார் சபையில் இருந்த புலவர் எழுதிக் கொடுத்தது. சக்களத்திச் சண்டையை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஏசலில் காரம் குறைவில்லை. அவளே எழுதியிருந்தால் சக்களத்தியை விட்டுவிட்டுப் பண்ணையாரைப் பிடித்திருப்பாள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கியதும், தேவதாசிக் குடும்பச் சூழலிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் தாசிகள் மோசவலை என்ற நாவலை வெளியிட்டதும் அதனால்தான் அவ்வளவு முக்கியம். தூதிலும் உலாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் பாடுபொருளாக இருந்த தாசியின் தரப்பு, அங்கேதான் அவள் பக்கத்திலிருந்து வருகிறது. நொண்டி நாடகத்தையும் இந்த நாவலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். மைனர் ஏமாந்த கதை ஒன்று, ஏமாற்றும் தொழிலுக்குள் பெண்களை யார் தள்ளினார்கள் என்ற கதை மற்றொன்று.

எதிலிருந்து தொடங்குவது? ஆனந்தரங்கப் பிள்ளையில் ஏதாவது ஒரு தொகுதி, எந்தத் தேதியாக இருந்தாலும் சரி. முதலிலிருந்து படிக்காதீர்கள், ஓடிவிடுவீர்கள். பழைய பதிப்புகள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. யாழ்ப்பாண நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம். சென்னை வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர் ஒருவர், புராணத்தையும் நோட்டீஸையும் ஒரே அக்கறையோடு சேர்த்து வைத்ததால் உருவானது அது. சந்தி பிரிக்காத அச்சுக்குக் கொஞ்ச நாளில் கண் பழகிவிடும், வாய்விட்டுப் படித்தால் இன்னும் சீக்கிரம். சிருங்காரம் மிகுந்த விறலிவிடு தூதுகளை மட்டும் வாய்விட்டுப் படிக்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.