ரூட்டர் கேள்விகள்: அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரூட்டரைப் பற்றித்தான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

‘என் ரூட்டரை ஹேக் பண்ணிவிட்டார்கள். என்ன செய்வது?’ (சுங்கை சிப்புட்)

என்ன மாடல்? எதை வைத்து ஹேக் என்கிறீர்கள்? டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? ரூட்டரைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கர் இருக்கும். அடுத்த முறை அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். இப்போதைக்கு ஒன்று மட்டும் பாருங்கள். ரூட்டருக்குள் நுழைந்து (எப்படி என்று கீழே சொல்கிறேன்) டிஎன்எஸ் பகுதிக்குப் போங்கள். நீங்கள் தட்டுகிற பெயர் எந்தக் கணினியைச் சேர்ந்தது என்று தேடிச் சொல்வது டிஎன்எஸ்தான். நீங்கள் போடாத எண் அங்கே இருந்தால், அது உங்கள் இணைய நிறுவனத்தின் எண்ணா என்று அவர்களிடமே கேளுங்கள். இல்லை என்றால் வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். பணம் ஏற்கனவே போயிருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

‘அணைத்துவிட்டு மறுபடி போட்டால் வைரஸ் போய்விடும் என்கிறார்களே?’ (கோலகங்சார்)

பாதி உண்மை. விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் ஏறக்குறைய 5 லட்சம் கருவிகளில் புகுந்திருப்பது 2018 மே மாதம் தெரியவந்தபோது, ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ-யே சொன்னது. ஆனால் அதன் முதல் பகுதி ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது. மற்ற பகுதிகளை மறுபடி இறக்கிக்கொள்ளப் பார்க்கும். மிராய் மாதிரி சில வகைகள் மெமரியில் மட்டும் இருப்பவை, அணைத்தால் போய்விடும். பாஸ்வேர்ட் பழையதாகவே இருந்தால் சில நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ரீசெட் செய்யுங்கள், ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. முதலாவது அணைத்துப் போடுவது, இரண்டாவது எல்லா செட்டிங்கையும் அழித்துவிடுவது. அந்தச் சின்ன ஓட்டையில் ஊசியை விடுவதற்கு முன், இணைய நிறுவனம் கொடுத்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் குத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக் கதவைத் தட்டுகிறவர்கள் அதிகம்.

‘வைஃபை பாஸ்வேர்ட் 15 எழுத்து வைத்திருக்கிறேன். போதாதா?’ (ஈப்போ)

அது வைஃபைக்கு. ரூட்டருக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்ட் வேறு. அதை மாற்றினீர்களா?

‘நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவன். என் வீட்டில் திருட என்ன இருக்கிறது? ரஷ்யாக்காரன் என் ரூட்டருக்கா வரப்போகிறான்?’ (சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்)

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்துவிட்டது. பத்து வருடமாகக் கேட்கிறேன், வார்த்தைகூட மாறுவதில்லை.

அவன் உங்கள் வீட்டில் திருட வரவில்லை. இரவில் உங்கள் மோட்டாரை யாரோ தள்ளிக்கொண்டு போய், வேறு ஊரில் ஒரு அம்மாவின் தாலிக்கொடியை அறுத்துவிட்டு, விடிவதற்குள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி பார்த்தது உங்கள் நம்பர் பிளேட்டை. ரூட்டர் விஷயமும் இதுதான். வேண்டியது உங்கள் இணைய முகவரி மட்டுமே.

கதை சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு பயன்படுத்திய நூற்றுக்கணக்கான ரூட்டர்களைச் சுத்தம் செய்ததாக அறிவித்தது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்தவை. அவற்றில் முதலில் நுழைந்தவர்கள் சாதாரண இணையத் திருடர்கள். நுழைந்த வழி என்ன தெரியுமா? கம்பெனி போட்டுக் கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. அவ்வளவுதான். திருடர்கள் திறந்து வைத்த கதவு வழியாகவே உளவுக்காரர்களும் போனார்கள்.

2016-இல் வந்த மிராயும் அப்படித்தான். ‘அட்மின், அட்மின்’ போன்ற 60 சொச்சம் யூசர் ஐடி-பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு தாக்கியதில், அந்த அக்டோபரில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. அதை எழுதியவர்கள் அமெரிக்க இளைஞர்கள்தான். ஆகவே எதற்கெடுத்தாலும் ரஷ்யாக்காரன், சீனாக்காரன் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்கு இன்னொரு ஆத்திரமும் உண்டு. பொருத்த வருகிறவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ‘இதை மாற்றுங்கள் அண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 தட்டுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வைஃபைக்கு வைத்ததையே இதற்கும் வைக்காதீர்கள். ரிமோட் மேனேஜ்மென்ட், அதாவது வெளியிலிருந்து ரூட்டருக்குள் நுழைகிற வசதி, திறந்திருந்தால் மூடுங்கள். பத்து நிமிட வேலை. மறந்துவிடும் என்றால் சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ரஷ்யாக்காரன் உங்கள் லயத்துக்கு வந்து நாட்காட்டியைப் புரட்ட மாட்டான்.

‘தமிழ்ப் படம் பார்க்க 90 வெள்ளிக்கு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினேன். அதனால் ஆபத்து உண்டா?’ (தாப்பா)

உண்டு. பேர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் சில, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெட்டுப்போய்த்தான் வருகின்றன. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயர் சொல்லி 2025 ஜூனில் எஃப்பிஐ எச்சரித்தது. பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது, அதற்கு வைஃபை பாஸ்வேர்டை நீங்களே கொடுக்கிறீர்கள். அப்புறம் ரூட்டர் வாசலைப் பூட்டி என்ன பயன்? மேலே சொன்ன மோட்டார் கதை இதற்கும் பொருந்தும். ‘பிளே புரொடெக்ட்டை (கூகுளின் பாதுகாப்புச் சோதனையை) அணைத்துவிடு’ என்று கேட்கிற பெட்டியாக இருந்தால் யோசிக்காமல் பிடுங்கி எறியுங்கள்.

‘பழைய ரூட்டர் 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது. பிராண்ட் நல்லது. வாங்கலாமா?’ (பீடோர்)

பிராண்டை விடுங்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி இன்னும் அப்டேட் கொடுக்கிறதா? கலைத்துவிட்டதாக 2024 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்த சீன ஹேக்கர்களின் வலையில் சிக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் ரூட்டர்கள். பெயருக்கு என்ன குறை? கம்பெனி கைவிட்ட பழைய மாடல்கள், அதுதான் குறை. வாங்காதீர்கள்.

‘டபிள்யூபிஎஸ் பொத்தான் வசதியாக இருக்கிறது. விடலாமா?’ (தைப்பிங்)

டபிள்யூபிஎஸ் என்பது பாஸ்வேர்ட் தட்டாமலே கருவியை வைஃபையில் சேர்க்கிற வசதி. அதில் உள்ள பின் எண் முறையை அணையுங்கள். எண் எட்டு இலக்கம்தான், ஆனால் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கிடைத்துவிடும். இது 2011-லேயே வெளியான சங்கதி.

‘இடி இடிக்கும்போது ரூட்டரைப் பிடுங்கி வைக்கிறேன். ஹேக்கருக்கும் அது பாதுகாப்புதானே?’ (சுங்கை சிப்புட்)

பிடுங்கி வைத்திருக்கும் வரை. ஃபைபர் கம்பியில் மின்னல் வராது, அடாப்டர் வழியாக வரும், அதனால் இடிக்குப் பிடுங்குவது நல்ல பழக்கம். மழை விட்டு மறுபடி மாட்டும்போது, கைக்கு வேலை இருக்கட்டும், அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.